நெப்டியூனுக்கு சொட்டு நீலம் போட்டது யாரு?

போன மாசம் ரெண்டு நாள் லீவு கிடைச்சுது. ஆணி புடுங்குறதுக்கு ஒரு இடைவேளை விட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். சொந்த ஊர் திண்டிவனம். ஒரு வேலையா விழுப்புரம் போக வேண்டியிருந்துச்சு. போன இடத்துல செல்போனுக்கு டெம்பர் கிளாஸ் மாத்தலாம்னு ஒரு கடைக்குள்ள நுழைஞ்சா, சுவத்துல 55 இன்ச் டிவி. அதுல ஒண்ணொண்ணா கிரகங்கள் மிதந்து வந்து போகுது. ஆஹா, நம்ம ஏரியாவாச்சேன்னு டெம்பர் கிளாஸை மறந்துட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னேன்.

முதல்ல வியாழன் வந்துச்சு. பரவாயில்லை. அடுத்து சனி. வளையம் ரெண்டு செட்டு, ஒண்ணை ஒண்ணு குறுக்கா வெட்டிக்கிட்டு, பெருக்கல் குறி மாதிரி. அதுக்கடுத்து, கண்ணைப் பறிக்கிற நீலத்துல ஒரு உருண்டை, இடுப்புல சனிக்கு இருக்கிற மாதிரியே தடியா வளையம், கீழே 'நெப்டியூன்'னு இங்கிலீஷ்ல பேரு.

ஏதோ ஏஐ மென்பொருள் வரைஞ்சு தள்ளின படம்னு பாத்ததுமே தெரிஞ்சுது. கடைக்காரர்கிட்ட "அண்ணே, இது எங்க புடிச்சீங்க?"ன்னு கேட்டேன். "ஃப்ரீயா கிடைச்சுது தம்பி, வேணுமா? ஷேர் பண்றேன்"னாரு. நல்ல மனுஷன். நான் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பஸ்ஸுல விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுற வரைக்கும் அந்த 'ஃப்ரீயா கிடைச்சுது'தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏன்னா, ஓசியில கிடைச்ச ஒரு நெப்டியூனால எங்க குடும்பமே ஒரு தடவை ராத்திரி பகலா முழிச்சிருக்கு.

கொசுவத்தியைச் சுத்திக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

2008. நான் ஆறாம் வகுப்பு. சித்தப்பா திண்டிவனத்துல ஒரு டிடிபி சென்டர் வச்சிருந்தாரு. மூணு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு லேமினேஷன் மிஷின். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலேஜ் பிராஜெக்ட், எல்லாம் அங்கதான். டைப் அடிக்க ஒரு அக்கா. ஸ்கூல் விட்டதும் நான் அங்க போய் உக்காந்துக்குவேன். பேரு வீட்டுப்பாடம், ஆனா உண்மையான காரணம் ஸ்க்ரீன்சேவர்.

அப்போ எல்லாமே முதுகு பெருத்த சிஆர்டி மானிட்டர். அதுல ஒரே படம் மணிக்கணக்கா நின்னா திரைக்கு உள்பக்கம் பூசியிருக்கிற பாஸ்பர் அந்த இடத்துல மட்டும் தேஞ்சு, மானிட்டரை அணைச்சாலும் பழைய எழுத்து ஆவி மாதிரி தெரியும். அதைத் தடுக்கத்தான் ஸ்க்ரீன்சேவர், படம் அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். எக்ஸ்பியில கூடவே வர்ற பைப்பு, நட்சத்திரம் பறக்கிறது எல்லாம் பாத்துப் பாத்து அலுத்துப் போய், சித்தப்பா சென்னை ரிச்சி தெருவுக்கு டோனர் வாங்கப் போனப்போ ஒரு சிடி வாங்கிட்டு வந்தாரு. நூத்துக்கணக்குல இலவச ஸ்க்ரீன்சேவர்கள். அருவி, மீன்தொட்டி, பொம்மை ரயில், அப்புறம் கிரகங்கள்.

நான் சனியைப் போட்டேன். கறுப்புத் திரையில வெண்ணெய் நிறத்துல அந்த உருண்டை, அதைச் சுத்தி கோலமாவுல இழுத்த மாதிரி வளையம். முதல் தடவை பாத்தப்போ இது படம் வரைஞ்சது, நிஜமில்லைன்னுதான் நெனச்சேன். சித்தப்பாதான், "இல்லடா, ராக்கெட்டு போய் எடுத்த போட்டோ"ன்னாரு. அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். எனக்கு அது போதுமா இருந்துச்சு. வானத்து மேல எனக்கு வந்த கிறுக்குக்கு பிள்ளையார் சுழி அந்த மானிட்டர்தான்.

சனி பத்து நாள் கூட நிலைக்கலை. பத்திரிகை அடிக்க வந்த ஒரு பெரியவர் திரையைப் பாத்துட்டு, "என்னப்பா, கடை வாசல்லயே சனியை உக்கார வச்சிருக்க? ஏழரையை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறியா?"ன்னு கேட்டுட்டாரு. நல்ல காரியத்துக்கு வந்தவர் வேற. சித்தப்பா பெரிய பக்திமான் எல்லாம் இல்லை. ஆனா வியாபாரம் வியாபாரமாச்சே. "டேய், அதை மாத்தி வேற எதுனா போடுடா"ன்னாரு.

வேற எதுனா... நவக்கிரகத்துல இல்லாத கிரகமா பாத்துப் போடுவோம்னு அறிவாளித்தனமா யோசிச்சு, நெப்டியூனை ரெட்டைச் சொடுக்கு சொடுக்கினேன். வந்துச்சு பாருங்க வினை.

நீல உருண்டை அழகாத்தான் சுத்துச்சு. ரெண்டு நாள்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தாலே விளம்பரம் விளம்பரமா கொட்ட ஆரம்பிச்சுது. நாலாம் நாள் பேஜ்மேக்கர் திறக்கலை. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் பரவி மூணு கம்ப்யூட்டரும் படுத்துடுச்சு. சர்வீஸுக்கு வந்தவர் ஒண்ணும் கேட்டுக்காம சி டிரைவ், டி டிரைவ் ரெண்டையும் ஃபார்மட் அடிச்சுட்டுப் போயிட்டாரு.

டி டிரைவ்ல ஒரு டீச்சரோட எம்.எட். ஆய்வேடு இருந்துச்சு. எழுபது பக்கத்துக்கு மேல. சமர்ப்பிக்க பத்து நாள்தான் பாக்கி. ஃப்ளாப்பியில இருந்தது முதல் அத்தியாயம் மட்டும். அந்த டீச்சர் வந்து விஷயம் தெரிஞ்சதும் கத்தலை, திட்டலை. ஸ்டூல்ல உக்காந்து, கையெழுத்துப் பிரதியை பையிலேருந்து எடுத்து மேஜை மேல வச்சாங்க. அவ்வளவுதான். கத்தியிருந்தா கூட தேவலை.

அன்னிலேருந்து ஒன்பது நாள், டைப் அடிக்கிற அக்காவும் சித்தப்பாவும் மாத்தி மாத்தி அடிச்சாங்க. நான் பக்கத்துல உக்காந்து வரி வரியா படிக்கணும். அதான் எனக்குத் தண்டனை. நடுநடுவுல பவர்கட் வேற, அந்த வருஷம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். கரண்ட் போனா யூபிஎஸ் கத்தும், சித்தப்பா என்னைப் பாப்பாரு. வேலை ஒரு வழியா முடிஞ்சுது. டீச்சர் பணம் கொடுத்தப்போ சித்தப்பா வாங்கலை. அது அந்த மாசத்துக் கடை வாடகையில பாதி.

பொட்டி தட்டுற வேலைக்கு வந்தப்புறம்தான் என்ன நடந்துச்சுன்னு முழுசா புரிஞ்சுது. விண்டோஸ்ல ஸ்க்ரீன்சேவர்னா அது படம் கிடையாது. '.எஸ்சிஆர்'னு முடியிற ஃபைல், சாதாரண '.இஎக்ஸ்இ' புரோகிராம்தான், பேரை மட்டும் மாத்தி வச்சிருக்காங்க. ரெட்டைச் சொடுக்கு சொடுக்கினா அது என்ன வேணும்னாலும் செய்யலாம். இன்னொரு கொடுமை, தெரிஞ்ச எக்ஸ்டென்ஷன்களை விண்டோஸ் தானாவே மறைச்சு வைக்கும். 'நெப்டியூன்.ஜேபிஜி.எஸ்சிஆர்'னு ஒருத்தன் பேர் வச்சா, நமக்கு 'நெப்டியூன்.ஜேபிஜி'ன்னு மட்டும்தான் தெரியும். பதினோரு வயசுப் பையன் என்னத்தைக் கண்டான்.

சரி, இது பழைய கதை. வைரஸ் கதை எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும். என்னோட புலம்பல் அது இல்லை.

அந்த சிடியில இருந்த படங்கள் எல்லாமே ஏற்கனவே இலவசம். அதுதான் என் வயித்தெரிச்சல். நாசா எடுக்கிற படங்களுக்கு பொதுவா காப்புரிமை கிடையாது. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், அச்சடிக்கலாம், சட்டையில போட்டுக்கலாம். நாசாவே உங்க சரக்குக்கு நற்சான்று குடுத்த மாதிரி காட்டிக்கக் கூடாது, அவங்க சின்னத்தை இஷ்டத்துக்குப் போடக் கூடாது, படம் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான் கேக்கிறாங்க. ஜேபிஎல் நடத்துற போட்டோஜர்னல் தொகுப்புல கிரகப் படம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண், எந்த விண்கலம், என்னிக்கு எடுத்துச்சு, எவ்வளவு தூரத்திலேருந்து, எந்தெந்த ஃபில்டர், நிறம் இயல்பா கூட்டினதா, எல்லாம் ஒரு பத்தியில எழுதி வச்சிருப்பாங்க.

ஸ்க்ரீன்சேவர் பண்ணவங்க முதல் வேலையா என்ன செஞ்சாங்க தெரியுமா? அந்தப் பத்தியைத் தூக்கிக் கடாசினாங்க. படத்தை வெட்டி, நிறத்தை ஏத்தி, பின்னாடி ஒரு சிந்தசைசர் மியூசிக் போட்டு, 'ஃப்ரீ'ன்னு லேபிள் ஒட்டிட்டாங்க. இலவசமா கிடைச்சதுக்கு விலையா கேட்ட ஒரே விஷயம் அந்த ஒரு வரிதான். அதையும் குடுக்கலை. நம்மளும் கேக்கலை.

கேக்காததால என்ன குடி முழுகிப் போச்சுன்னா, இதோ என் கதை.

எட்டாவது படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்கு சூரியக் குடும்பம் செஞ்சேன். தெர்மாகோல் உருண்டை, சைக்கிள் ஸ்போக்ஸ், போஸ்டர் கலர். பள்ளி அளவுல தேறி விழுப்புரத்துக்குக் கொண்டு போனோம். பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு, மயிலம் கிட்ட ஒரு சடன் பிரேக்ல புதன் கழண்டு உருண்டு போய் ஒரு ஆயாவோட கூடையில விழுந்து, அதைப் பொறுக்கி ஒட்டி... அது தனிப் பதிவு. யுரேனஸுக்கு லேசான பச்சை கலந்த நீலம், நெப்டியூனுக்கு அப்பழுக்கில்லாத கருநீலம், அப்படியே சொட்டு நீலத்தைக் குழைச்ச மாதிரி அடிச்சிருந்தேன்.

நடுவரா வந்த ஒரு சார் மத்தது எல்லாத்தையும் விட்டுட்டு அதைத் தொட்டு, "இது இந்தக் கலர்னு உனக்கு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டாரு.

"கம்ப்யூட்டர்ல பாத்தேன் சார்."

"கம்ப்யூட்டர்ல யாரு போட்டா?"

ஙே. தெரியலை. சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. பரிசு கிடைக்கலை, அது வேற காரணமாக் கூட இருக்கலாம். அந்தக் கேள்விக்கு பதில் தெரிய எனக்கு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

நெப்டியூனுக்கு இதுவரைக்கும் போன ஒரே விண்கலம் வாயேஜர்-2. 1989 ஆகஸ்ட் 25, கிட்டக்க கடந்து போச்சு. யுரேனஸுக்கும் அதே வாயேஜர்-2 மட்டும்தான், 1986 ஜனவரி 24. ரெண்டுக்கும் அதுக்கப்புறம் யாரும் போகலை. நான் பொறக்கறதுக்கு பல வருஷம் முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாத்ததோட சரி. இன்னிக்கு வரைக்கும் அந்த ரெண்டு கிரகத்தையும் பக்கத்துல போய் எடுத்த படம்னு நாம பாக்கிறது எல்லாமே அந்த ஒரே கேமரா ஜோடி எடுத்தது.

அந்தக் கேமரா எப்படிப்பட்டதுன்னு கேட்டா நம்ம ஆளுங்க சிரிப்பாங்க. 800க்கு 800 புள்ளி. கறுப்பு வெள்ளை. முன்னாடி ஃபில்டர் மாத்தி மாத்தி எடுத்து பூமியில வச்சு ஒண்ணா சேத்தாத்தான் கலர். நெப்டியூன்லேருந்து டேட்டா வந்த வேகம் அதிகபட்சம் நொடிக்கு 21.6 கிலோபிட். நம்ம பழைய டயல்-அப் மோடம், அதான் கொய்ங்ங்னு கத்துமே, அதோட உச்ச வேகமே 56. ஒரு படத்தை அமுக்காம அப்படியே அனுப்பினா நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவா ஆகும், கலர்னா அதைப் போல மூணு மடங்கு. கிளம்பின சிக்னல் இங்க வந்து சேர நாலு மணி நேரத்துக்கு மேல. அனுப்பின டிரான்ஸ்மிட்டரோட சக்தி சுமார் 20 வாட், வீட்டு சிஎஃப்எல் பல்பு அளவு. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த படத்தோட முகவரியைத்தான் கிழிச்சுப் போட்டாங்க.

நெப்டியூன் படத்துல மேகம், பட்டை, பெரிய கரும்புள்ளி எல்லாம் மங்கலாத்தான் தெரிஞ்சுது. அதை எடுத்துக் காட்ட விஞ்ஞானிகள் கான்ட்ராஸ்டை ஏத்தினாங்க. ஏத்தினப்போ நீலமும் சேர்ந்து ஏறிடுச்சு. இதை அவங்க மறைக்கலை. கூட வந்த குறிப்புல சொல்லித்தான் வெளியிட்டாங்க. ஆனா புத்தகத்துல, போஸ்டர்ல, ஸ்க்ரீன்சேவர்ல படம் போச்சு, குறிப்பு போகலை. யுரேனஸ் படத்தை மட்டும் ஏறக்குறைய இயல்பான நிறத்துல வெளியிட்டிருந்தாங்க. அதனால ஒண்ணு வெளிறின பச்சைநீலம், இன்னொண்ணு கருநீலம்னு உலகம் முழுக்க மனப்பாடம் ஆயிடுச்சு.

2024 ஜனவரியில ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பேட்ரிக் இர்வின் குழு, ஹபிள் தொலைநோக்கியும் சிலியில இருக்கிற விஎல்டியும் எடுத்த நிறமாலையை வச்சு வாயேஜர் படங்களைத் திரும்ப சரி பண்ணிக் காட்டினாங்க. ரெண்டு கிரகமும் கிட்டத்தட்ட ஒரே நிறம்! வெளிறின பச்சை கலந்த நீலம். ரெண்டுலயும் மீத்தேன் சிவப்பை விழுங்கிடுது. நெப்டியூன்ல பனிமூட்டம் கொஞ்சம் மெலிசு, அதனால ஒரு நூல் நீலம் கூட. அவ்வளவுதான் வித்தியாசம். கிரகத்தை ஆராயுறவங்களுக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை, அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். அதிர்ச்சி எல்லாம் என்னை மாதிரி ஸ்க்ரீன்சேவர்ல படிச்சவங்களுக்குத்தான். அந்தச் செய்தியை ஆபீஸ்ல படிச்சப்போ, விழுப்புரத்து சார் மறுபடியும் வந்து தெர்மாகோலைத் தொட்ட மாதிரி இருந்துச்சு.

என் ரூம்மேட்கிட்ட இதைப் புலம்பினேன். "மச்சி, ஸ்க்ரீன்சேவர்ங்கிறதே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கத்தான். அதுல போய் ஃபுட்நோட் கேக்கிற. கல்யாண ஆல்பத்துல கூடத்தான் பொண்ணு மாப்பிள்ளையை ஸ்விட்சர்லாந்துல நிக்க வைக்கிறான், அதுக்கு டிஸ்கி போடுறானா?"ன்னான்.

நல்ல கேள்விதான். ஆனா அந்த மாப்பிள்ளையை நமக்குத் தெரியும், அவன் செஞ்சியைத் தாண்டலைன்னும் தெரியும். நெப்டியூனை நேர்ல பாத்தவன் யாரு? நம்ம கண்ணுக்கு எட்டவே எட்டாத ஒரு பொருளைப் பத்தி நமக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தப் படம். அந்தப் படத்துக்கு சாட்சி அந்தக் குறிப்பு. அதை எடுத்துட்டா விழுப்புரம் டிவியில ஓடுற பெருக்கல் குறி சனிக்கும் காசினி எடுத்த சனிக்கும் பாக்கிறவனுக்கு என்ன வித்தியாசம்?

இன்னொண்ணையும் சொல்லிடுறேன், நிறத்தைக் கூட்டுறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. 2016 ஜூலையில வியாழனைச் சுற்ற ஆரம்பிச்ச ஜூனோவுல ஒரு கேமரா இருக்கு, பொதுமக்களுக்காகவே வச்சது. அது எடுத்ததைப் பச்சையா அப்படியே இணையத்துல போட்டுடுவாங்க, உலகம் முழுக்க ஆர்வலர்கள் அதை எடுத்து செதுக்கி நீலமும் பழுப்புமா சுழல விடுவாங்க. பிரமாதமா இருக்கும், நானே லேப்டாப்ல வச்சிருக்கேன். நேர்ல போய்ப் பாத்தா வியாழன் அவ்வளவு பளிச்சுன்னு இருக்காது. ஜேம்ஸ் வெப் 2022ல எடுத்த நெப்டியூனும் 2023ல எடுத்த யுரேனஸும் அகச்சிவப்புப் படங்கள், நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு நிறம் ஒதுக்கிப் போட்டது. தப்பே இல்லை. 'இது கூட்டின நிறம்', 'இது அகச்சிவப்பு'ன்னு ஒரு வரி. அது இருந்தா போதும்.

கூட்டாமலே அள்ளுற படமும் இருக்கு. 2013 ஜூலை 19 அன்னிக்கு காசினி சனியோட நிழலுக்குள்ள நின்னு, சூரியனைப் பின்னாடி மறைச்சு வச்சு எடுத்தது. 141 படங்களை ஒட்டின ஒரே காட்சி, இயல்பான நிறத்துல. வளையத்துக்குக் கீழே ஓரமா ஒரு வெளிர்நீலப் புள்ளி. அது நாம. குறிப்பு இல்லைன்னா அந்தப் புள்ளி மானிட்டர்ல ஒட்டின தூசு.

இப்ப ஒரு விஷயம், இது நம்மூர்ப் பெருமை, அதனால கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன்.

திண்டிவனத்திலேருந்து செஞ்சி, திருவண்ணாமலைன்னு மேற்கே போய்க்கிட்டே இருந்தா ஜவ்வாது மலை வரும். அதுல காவலூர் வானாய்வகம். இப்போ திருப்பத்தூர் மாவட்டம். 1977 மார்ச் 10, யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தைக் கடந்து போகுது. கடல் மேல பறந்துக்கிட்டு இருந்த கைப்பர் பறக்கும் ஆய்வகத்துலேருந்து அமெரிக்கக் குழு ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்துச்சு. இங்க காவலூர்ல ஒரு மீட்டர் தொலைநோக்கியை வச்சு ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நட்சத்திரத்தோட ஒளி திடீர்னு மங்கிச்சு. கோள் மறைச்சதால இல்லை, கோளைச் சுத்தி வேற ஏதோ இருக்கு. அமெரிக்கக் குழு கோளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்குறதைப் பாத்து, அது வளையம்னு கண்டுபிடிச்சாங்க. நம்மவங்க தங்களுக்குக் கிடைச்சதை வச்சு புதுசா ஒரு துணைக்கோளா இருக்கும்னு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. வளையம்னு முடிவானப்புறம் காவலூர்ல பதிவான மங்கலும் அதோட ஒரு பகுதின்னு ஆச்சு.

இதுல படமே கிடையாது! ஒரு கோடு, அதுல சின்னதா ஒரு பள்ளம். அவ்வளவுதான். எந்த ஸ்க்ரீன்சேவர்லயும் வராது. ஆனா தேதி இருக்கு, நேரம் இருக்கு, யார் பாத்தாங்க, எந்தக் கருவி, என்னன்னு நெனச்சாங்க, எல்லாம் இருக்கு. அவங்க எடுத்த முடிவு மாறினப்புறமும் அந்தப் பதிவு செல்லும். அந்த வளையங்களை வாயேஜர் கிட்டக்கப் போய்ப் பாக்க இன்னும் ஒன்பது வருஷம் ஆச்சு. (1986 ஜனவரி 6ல காவலூருக்கு வைணு பாப்பு பேரை வச்சாங்க, பதினெட்டு நாள் கழிச்சு வாயேஜர் யுரேனஸைத் தொட்டுச்சு. சும்மா, எனக்கு இந்த மாதிரி தேதி பொருத்தம் பாக்கிற வியாதி உண்டு.)

புலம்பினது போதும்னு போன வருஷம் ஒரு வேலை செஞ்சேன். போட்டோஜர்னல்லேருந்து வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன், எல்லாம் சேத்து நாப்பது படம் இறக்கினேன். ஒரு பைதான் ஸ்கிரிப்ட் எழுதி ஒவ்வொரு படத்துக்கும் அடியில ஒரு பட்டை, அதுல தமிழ்ல ஒரு வரி: என்ன கோள், எந்தக் கலம், என்னிக்கு, நிறம் இயல்பா, கூட்டினதா, அகச்சிவப்பா. ரெண்டு மணி நேர வேலைன்னு நெனச்சு உக்காந்தேன், ரெண்டு நாள் ஆச்சு. பைதான்ல சாதாரணமா எழுதினா தமிழ் கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது, 'நெப்டியூன்' ஆரம்பமே நொண்டி அடிக்குது. எழுத்தைக் கோக்குறதுக்குன்னு தனியா ஒரு லைப்ரரி போட்டாத்தான் சரியா வருது. தமிழுக்காகப் பொட்டி தட்டுறவங்களுக்கு இந்த வலி தெரியும்.

முக்கியமா, எல்லாம் ஜேபிஜி. விண்டோஸ்லயே 'போட்டோஸ்'னு ஒரு ஸ்க்ரீன்சேவர் இருக்கு, இந்த ஃபோல்டரை அதுக்குக் காட்டினா போதும், வெளியிலேருந்து ஒரு புரோகிராமும் வேணாம். எல்சிடி திரைக்கு ஸ்க்ரீன்சேவர் தேவையே இல்லைதான். எங்க ஆபீஸ் லேப்டாப்ல 'பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்'ங்கிறதுதான் ஸ்க்ரீன்சேவர், மாத்தவும் முடியாது. ஆனா சும்மா இருக்கிற திரை சும்மாதானே இருக்கு.

திண்டிவனம் பக்கத்துல ஒரு அரசுப் பள்ளி கம்ப்யூட்டர் லேப்ல என் கூடப் படிச்சவன் மூலமா இதைப் போட்டுக் குடுத்தேன். அந்தப் பள்ளிச் சுவத்துல சந்திரயான் படம் பெருசா வரைஞ்சிருக்கு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் ஆச்சே, பசங்களுக்கு நிலா அத்துப்படி. அதுக்கு அந்தாண்டை யாரும் காட்டலை.

ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு ரொம்ப நேரம் யுரேனஸையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வாயேஜர் எடுத்தது, இயல்பான நிறம். மேகம் கிடையாது, பட்டை கிடையாது, வழவழன்னு ஒரு உருண்டை.

"அண்ணா, இதுல ஒண்ணுமே இல்லையே. போட்டோ சரியா விழலையா?"

"இல்லம்மா, அது அப்படித்தான் இருந்துச்சு."

கீழே இருந்த வரியை ஒரு தடவை படிச்சுது. "எண்பத்தி ஆறுல அப்படி இருந்துச்சு. இப்ப எப்படி இருக்கும்?"

யுரேனஸ் சூரியனை ஒரு தடவை சுத்த 84 வருஷம். 1986ல அதோட தென்துருவம் சூரியனைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, இப்போ வடதுருவத்துக்கு வெயில் காலம். ஹபிள்லயும் வெப்லயும் பாத்தா வடதுருவத்து மேல வெள்ளையா ஒரு தொப்பி தெரியுது. இதைச் சொன்னேன். தேதி இல்லாத படத்தைப் பாத்து அந்தப் பொண்ணு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. ஏதோ என் ஸ்கிரிப்டால ஒரு நல்ல காரியம்.

அதே ஃபோல்டரை பென்டிரைவ்ல போட்டுக்கிட்டு சாயந்தரம் சித்தப்பா கடைக்குப் போனேன். இப்போ டிடிபி எல்லாம் குறைஞ்சு போச்சு, ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கிறது, ஜெராக்ஸ், கலர் பிரிண்ட்னு ஓடுது. மூணு கம்ப்யூட்டர்லயும் ஸ்க்ரீன்சேவர் கிடையாது. 2008லேருந்து இருட்டுதான்.

"சித்தப்பா, கிரகம் எல்லாம் கொண்டாந்திருக்கேன். சனி வேணாம்னா எடுத்துடுறேன்."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி பென்டிரைவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ஆன்டிவைரஸ்ல ஒரு தடவை ஸ்கேன் விட்டாரு. முடிஞ்சதும் இன்னொரு தடவை விட்டாரு. ஃபோல்டரைத் திறந்து மவுஸை எங்கிட்ட தள்ளினாரு.

"மொதல்ல எக்ஸ்டென்ஷனைக் காட்டுடா."